வாடகைக்கு எடுத்த புதன்கிழமை

கொக்கராயன்பட்டி அத்தப்பனுக்கு வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடி வரவில்லை. ஆளில் ஒரு குறையும் கிடையாது. வாட்டசாட்டமான உடம்பு, சொந்தமாக மஞ்சள் காடு, குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. குறை எங்கே இருந்தது என்றால், அவனுடைய குடும்பம் சொன்ன பேச்சைக் கேட்கிற குடும்பம். யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்துவிடுவார்கள்.

முதன்முதலாகப் பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியும் காப்பியும் முடிந்த பிறகு, பெண்ணின் அப்பா கைகூப்பி, "போயிட்டு வாங்க, கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்றார். இவர்கள் பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு வந்தார்கள். அவர் திகைத்துப் போய் மறுபடியும் "போயிட்டு வாங்க" என்றார். மறுபடியும் போய்விட்டு வந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் அந்த மனிதர் அடித்தொண்டையில் "போங்க!" என்று மட்டும் சொன்ன பிறகுதான் இவர்களால் வீடு வந்து சேர முடிந்தது.

குடும்பத்துக்கு மூளை பெரியப்பா சென்னியப்பன். எந்த விஷயத்தையும் அவசரப்படாமல் நாலு பக்கமும் யோசித்துத் தப்பாகச் சொல்லுவார். சித்தப்பா நாச்சிமுத்து, அண்ணன் சொன்னதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த ஓட்டையைப் பெரிசாக்குவார். அம்மா பாவாயி இரண்டு பேருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லுவாள். அத்தப்பன் மூன்று பேரையும் நம்புவான். தகப்பன் இல்லாத பிள்ளை, வேறு யாரை நம்புவான்?

இந்தத் தடவை தரகர் மாரண்ணன் ராசிபுரத்திலிருந்து ஒரு ஜாதகம் கொண்டு வந்திருந்தார். பெண் பெயர் மரகதம். அப்பா சிவமலை வெல்ல மண்டி வைத்திருக்கிறார். மரகதத்தின் போட்டோவை வாங்கிய நாளிலிருந்து அத்தப்பன் அதைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. இதுவும் கைநழுவிப் போனால் இனிமேல் யாருமே தனக்குப் பெண் தரமாட்டார்கள் என்று பயந்துகொண்டிருந்தான்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வர்றதுக்கு முன்னால வீட்டுக்கு வெள்ளையடிச்சு வெய்யுங்க. ஒண்ணு விடாமப் பளிச்சுன்னு இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார் மாரண்ணன்.

அடுத்த வாரம் வந்து பார்த்தார். சுவர் வெள்ளையாக இருந்தது. கதவு, கட்டில், பீரோ, மின்விசிறி எல்லாம் வெள்ளையாக இருந்தன. ஜன்னல் கண்ணாடி வெள்ளை. டிவியின் முகம் வெள்ளை. செத்துப்போன தகப்பனாரின் படம் வெள்ளை; அதன்மேல் ஒரு சந்தனப் பொட்டு மட்டும் இருந்தது. வாசலில் ஏதோ ஒன்று வெள்ளையாக நின்று வாலை ஆட்டியது.

"அதென்னுங்க?"

"எருமைங்க. அதுக்கு மட்டும் ரெண்டு கோட்டு ஆயிப்போச்சு" என்றார் சென்னியப்பன்.

மாரண்ணன் கட்டிலில் உட்கார்ந்து எழுந்தார். அவருக்கும் பின்பக்கம் வெள்ளையாயிருந்தது. இந்த வீட்டைக் காட்டிப் பெண் கேட்க முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "பொண்ணு வீட்டார் வர்ற புதன்கிழமை ஏற்காட்டுக்கு, சேர்வராயன் கோயிலுக்கு வர்றாங்க. நீங்களும் அங்க வந்துருங்க. சேலத்துல எனக்குத் தெரிஞ்ச ரிட்டயர்டு மேனேஜர் ஒருத்தருக்கு அங்க ஒரு ரிசார்ட்டுல டைம்ஷேர் இருக்குது. இந்த வருசம் அவரு போகல. வாடகைக்கு எடுத்துக்கலாம்."

"டைம்ஷேர்னா?" என்றார் நாச்சிமுத்து.

"வருசத்துல ஒரு வாரம் அவருக்குச் சொந்தமுங்க."

"ரூம்பு சொந்தமுங்களா?"

"ரூம்பு கம்பெனிக்காரனுது. வாரந்தான் இவருக்குச் சொந்தம்."

சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கற மாதிரிதான்டா. நாம ஒரு வாரத்தைக் குத்தகைக்கு எடுக்கறோம்" என்று விளக்கினார். எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சேலத்து மேனேஜர் தங்கமான மனிதர். பொறுமையாகச் சொன்னார். "இந்தத் திங்கள்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் என்னோடது. உங்களுதுன்னே நெனச்சுக்குங்க. ஸ்டுடியோ யூனிட்டு. ராத்திரிக் கணக்குதான், ஒரு ராத்திரிக்கு ரெண்டாயிரத்தைந்நூறு. எத்தனை ராத்திரி தங்கறீங்களோ அத்தனைக்குக் குடுத்தாப் போதும். போனதும் ரிசப்ஷன்ல கேட்டுப் பாருங்க, காலி இருந்தா அப்கிரேட் பண்ணிக் குடுப்பாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஆலோசனை நடந்தது.

"நூறு யூனிட்டு வரைக்கும் கவர்மெண்டே சும்மா குடுக்குது. இவரு ஒத்தை யூனிட்டுக்கு ரெண்டாயிரத்தைந்நூறு கேக்கறாரே?" என்றார் நாச்சிமுத்து.

"மலை மேல கரண்ட்டை ஏத்தோணுமில்லடா? ஏத்துக்கூலி" என்றார் சென்னியப்பன்.

"ஸ்டுடியோன்னாரே, அது நல்லதாப் போச்சு" என்றாள் பாவாயி. "பையனை ஒரு போட்டோ எடுத்துரலாம்."

"ஆனா பாரு, காசு ராத்திரிக்குத்தான்" என்று சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். முன் சீட்டுக்காரர் காதில் விழுந்து அவரும் போய் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? "பகலுக்கு ஒண்ணுமே சொல்லல. பகல் அத்தனையும் சும்மா."

"அண்ணா, அப்ப நாம மார்கழி வரைக்கும் பொறுத்தா என்ன? மார்கழியில ராத்திரி நீளம். அதே காசுக்கு ஜாஸ்தி ராத்திரி கெடைக்கும்."

சென்னியப்பன் அசந்து போனார். தம்பிக்கு இவ்வளவு ஓடும் என்று அவர் நினைக்கவில்லை. "பொண்ணு வீட்டார் புதன்கிழமை வர்றாங்களே" என்று அத்தப்பன் மெதுவாகச் சொன்னான். பாவாயி உடனே தீர்ப்புச் சொன்னாள்: "ராத்திரியே வேண்டாம். பகலை மட்டும் எடுத்துக்குவோம்."

செவ்வாய்க்கிழமை பொழுது நன்றாக விடிந்துவிட்டதா என்று வாசலில் நின்று பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் நான்கு பேரும் ரிசார்ட்டுக்குள் கால் வைத்தார்கள். ரிசப்ஷனில் மேகலா என்ற பெண் இருந்தாள். சிரித்த முகம். அவளே கூட வந்து அறையைத் திறந்துவிட்டாள். ஒரே அறை, பெரிய கட்டில், மூலையில் சின்னதாய் ஓர் அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள்.

மேகலா சாவியைக் கொடுக்கத் திரும்பினாள். நான்கு பேரும் சுவரோரமாக வரிசையில் நின்றிருந்தார்கள். மேல் பட்டன் வரைக்கும் போட்டு, கையைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சார் ஆச்சு?"

"நாங்க ரெடிங்க. எடுங்க" என்றார் சென்னியப்பன், உதடு அசையாமல்.

வருகிறவர்களில் பாதிப்பேர் மேகலாவிடம் கேட்பது அதைத்தான். அத்தப்பனின் போனை வாங்கி இரண்டு படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"நல்ல ஸ்டுடியோதான். காசே கேக்கல" என்றார் நாச்சிமுத்து.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனபோதுதான் சென்னியப்பனுக்கு முகம் மாறியது. அங்கே கும்பல் கும்பலாக ஆட்கள் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு கண்ணாடிக்காரரின் அருகில் அவர் போய் நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு என்ன கெழமைங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"அது எங்க செவ்வாய்க்கிழமைங்க. இந்த வாரத்தை நாங்க வாடகைக்கு எடுத்திருக்கோம்."

கண்ணாடிக்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "நாங்களும் டைம்ஷேர்தாங்க. எங்களுக்கும் இந்த வாரம்தான்."

"ஒரே வாரத்தை ரெண்டு பேருக்கு வித்துட்டானா!" என்று நாச்சிமுத்து தலையில் கை வைத்தார். அத்தப்பனுக்குப் பாவமாக இருந்தது. அந்த மனிதர் ஏமாந்து போயிருக்கிறார், குழந்தைகளோடு வேறு வந்திருக்கிறார். பெரியப்பாவின் காதில் ஏதோ சொன்னான். சென்னியப்பன் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

"சரிங்க, வந்தது வந்துட்டீங்க. பொழுது போற வரைக்கும் எங்க செவ்வாய்க்கிழமையில இருந்துக்குங்க. அழுக்குப் பண்ணாமத் திருப்பிக் குடுத்தாச் சரி."

கண்ணாடிக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். நன்றி சொல்லத் தெரியாத ஆள் என்று பாவாயி வருத்தப்பட்டாள்.

சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்பே மூட்டை முடிச்சோடு வெளியேறி, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சிமெண்டு பெஞ்சில் நான்கு பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். ஏற்காட்டுக் குளிர் என்னவென்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அதையும் கேட்டிருப்பார்கள். விடிந்தபோது நாச்சிமுத்துவின் மீசையில் பனி இருந்தது, பாவாயிக்குத் தும்மல் நிற்கவில்லை, மாப்பிள்ளைப் பையனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சூரியன் முழுசாக மேலே வந்ததும் ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்தார்கள்.

கண் கூசியது. அத்தப்பன் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். அறை இருண்டது.

"அடப்பாவி, தொறடா!" என்று பாவாயி அலறினாள். "இருட்டாக்கிப் போட்டியே, இதை ஒரு ராத்திரின்னு எழுதிட்டாங்கன்னா?"

திரையைத் திறந்துவிட்டு, சந்தேகத்துக்கு லைட்டையும் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினால் இருட்டாகிவிடுமோ என்று கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேகலாவே வந்தாள். "சார், நேத்து ஒரு நைட் ஆயிருச்சு. இன்னைக்கும் தங்கறீங்களா?"

"நேத்து ராத்திரி நாங்க உள்ளயே இல்லீங்களே" என்றார் சென்னியப்பன்.

"ரூம் உங்க பேர்லதானே சார் இருந்துச்சு?"

"ரூம்பு இருந்துச்சு. ராத்திரி இருந்துச்சுங்களா? உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"ராத்திரி எங்ககூட வெளியதான் இருந்துச்சும்மா" என்றார் நாச்சிமுத்து. "விடியற வரைக்கும் நாங்க அதைப் பாத்துக்கிட்டே இருந்தோம். கேட்டுக்கு இந்தப் பக்கம் வரவே இல்ல."

மேகலாவுக்கு இந்த வேலையில் நிறைய வாடிக்கையாளர்களைச் சமாளித்த அனுபவம் உண்டு. இந்த மாதிரி ஒரு பதிலுக்குத்தான் பழக்கமில்லை. வாட்ச்மேனும் சாட்சி சொன்னான்: ஆமாம், இவர்கள் வெளியேதான் இருந்தார்கள், கூடவே ராத்திரியும் இருந்தது. அவள் பேச்சை மாற்றினாள்.

"இந்த ரூம் புடிக்கலையா சார்? வேணும்னா அப்கிரேட் பண்ணிக்கலாம்."

"அதைத்தானுங்க கேக்கோணும்னு இருந்தேன்" என்று சென்னியப்பன் நிமிர்ந்தார். "அப்கிரேட்டுன்னா என்னங்கம்மா பண்ணுவீங்க?"

"இப்ப இருக்கறதவிட ஒரு படி மேல போறது சார். அவ்வளவுதான். நைட்டுக்கு எழுநூறு ரூபா கூட வரும்."

அவள் போன பிறகு நான்கு பேரும் வராந்தாவுக்கு வந்து பார்த்தார்கள். பக்கத்திலேயே மாடிப்படி இருந்தது. முதல் படி காலியாகத்தான் இருந்தது.

"இந்த ஒரு படிக்கா எழுநூறு?" என்றார் நாச்சிமுத்து. "நாமளே ஏறிக்கிட்டாப் போச்சு."

"அதுவும் பகல்ல" என்றார் சென்னியப்பன்.

மெத்தையை இழுத்து வந்தார்கள். மெத்தை பெரிது, படி சிறிது. மெத்தையை மடித்து ஒரு படிக்குள் அடக்கி, கயிறு கட்டி, அதன்மேல் அத்தப்பனை உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை அல்லவா, அவனுக்குத்தான் அப்கிரேட். மற்ற மூன்று பேரும் கீழே தரையில், பழைய தரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். மேலிருந்து இறங்க வந்த திண்டுக்கல்காரர், சாவிக்கொத்தோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மேலேயே போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பெண் வீட்டாரின் வேன் வாசலில் வந்து நின்றது. முன்னால் மாரண்ணன் இறங்கினார். படியையும், மெத்தையையும், அதன்மேல் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையையும் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றிப் போவதை அத்தப்பன் கவனித்தான். போச்சு, இதுவும் போச்சு என்று அவனுக்குத் தோன்றியது. சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

பெண்ணின் அப்பா சிவமலை இறங்கினார். பின்னாலேயே இரண்டு ஆட்கள் ஓர் இரும்பு எடைமேடையை வேனிலிருந்து இறக்கி, மூச்சு வாங்கத் தூக்கி வந்து வராந்தாவில் வைத்தார்கள்.

"இது எதுக்குங்க?" என்று மாரண்ணன் ஈனக் குரலில் கேட்டார்.

"நீங்கதான சொன்னீங்க, மாப்பிள்ளையை நல்லா எடை போட்டுப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்கன்னு?" என்றார் சிவமலை. "மண்டியில இருந்தே கொண்டுவந்துட்டேன். நம்ம தராசு பொய் சொல்லாது."

மாரண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தப்பனை இறக்கி எடைமேடையில் நிறுத்தினார்கள். சிவமலை குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எண்பத்து மூன்று கிலோ. "செருப்புக்கு அரைக்கிலோ கழிச்சுக்கலாம். நல்ல எடைதான்" என்று திருப்தியோடு தலையாட்டினார்.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. "இத்தனை வருசத்துல எத்தனையோ வீட்டுக்குப் போனோம். இப்படி முறையாப் பாத்தவங்க ஒருத்தரும் இல்லீங்க" என்றார்.

பெரியவர்கள் பேச உட்கார்ந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்றாள் பாவாயி. மரகதம் அரக்குக் கலர் சேலையில் வந்து படிப்பக்கம் நின்றாள். போட்டோவில் இருந்ததைவிட உயரம். அத்தப்பன் மறுபடியும் மெத்தை மேல் உட்கார்ந்திருந்தான். தொண்டை கட்டியிருந்ததால் அவன் பேசினால் காற்றுத்தான் வந்தது.

"ஏனுங்க படியில ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அப்கிரேட் பண்ணியிருக்கோமுங்க."

அவள் கண்கள் அகன்றன. "எங்க சொந்தத்துல இதுவரைக்கும் யாருமே அப்கிரேட் பண்ணதில்லீங்க."

"நீங்களும் ஒக்காருங்க."

அவன் படியில் மெத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு அதற்கடுத்த படியில் உட்கார்ந்தாள். அத்தப்பன் அண்ணாந்து பார்த்தான். "நீங்க எனக்கு ஒரு படி மேலயே இருக்கீங்க" என்றான். அவன் உள்ளதைத்தான் சொன்னான். அவள் முகம் சேலையின் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு வார்த்தைதான் பேசச் சொன்னார்கள், இது ஏற்கெனவே நிறைய ஆகிவிட்டது என்று இருவரும் அதற்குமேல் பேசாமல், பக்கத்தில் பக்கத்தில் அல்லாமல் மேலும் கீழுமாக, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள்.

கீழே எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, சென்னியப்பன் வாயைத் திறக்கும் வரை. "நீங்க வந்தது எங்க புதன்கிழமையில. ஆனாலும் சம்பந்தி ஆகப்போறவங்க, உங்ககிட்ட வாடகை வாங்க மாட்டோம்" என்றார்.

சிவமலை திடுக்கிட்டார். "கெழமைக்கெல்லாம் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"வாராவாரம் இருக்காங்க."

"அப்ப நாம கல்யாணம் வெக்கற நாள் யாருதுன்னு விசாரிக்காம எப்படிங்க வெக்கறது? தாலி கட்டற நேரத்துல ஒருத்தன் வந்து, இது எங்க வெள்ளிக்கிழமை, எறங்குங்கன்னு சொன்னா?"

அத்தப்பன் படியில் இருந்தபடியே இதைக் கேட்டான். மறுபடியும் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். மேகலாவைக் கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, உங்ககிட்ட வித்துப்போகாத வாரம் ஏதாச்சும் இருக்குதா?" என்றார் சென்னியப்பன்.

"எல்லா வாரமும் வித்துருச்சு சார். வருஷம் முழுக்க ஃபுல்."

பாவாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். நல்லவேளை, ஓட்டையைக் கண்டுபிடிக்க நாச்சிமுத்து இருந்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் புரட்டிக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நின்றுவிட்டார்.

"அண்ணா, பிப்ரவரி மாசம் மத்த மாசத்தைவிடக் கட்டையா இருக்குது. சீக்கிரமே நின்னுபோகுது."

"அதுக்கு?"

"கடைசியில கொஞ்ச நாள் யாரும் எடுக்காமக் கெடக்குதுன்னுதானே அர்த்தம்?"

சென்னியப்பன் எழுந்தே விட்டார். "ஏம்மா, பிப்ரவரி முப்பதாந்தேதியை யாராச்சும் வாங்கியிருக்காங்களா? நல்லாப் பாத்துச் சொல்லு."

மேகலா கம்ப்யூட்டரில் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு நேர்மையாகச் சொன்னாள்: "இல்ல சார். அது யார்கிட்டயும் இல்ல."

"நாளைக்குக் கேட்டு யாரும் வர மாட்டாங்களே?"

"வர மாட்டாங்க சார்."

சிவமலை எழுந்து வந்து சென்னியப்பனைக் கட்டிக்கொண்டார். பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அறையிலிருந்து சர்க்கரையை எடுத்து வந்து எல்லோர் வாயிலும் போட்டாள். மாரண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்; அதிலும் சர்க்கரை விழுந்தது. அத்தப்பன் அண்ணாந்து மரகதத்தைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தான்.

கையோடு ராசிபுரத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போன் போட்டார்கள். கொக்கராயன்பட்டிக்கும் ராசிபுரத்துக்கும் இப்படிச் சம்பந்தம் கூடியதில் அதிசயமில்லை என்பது மண்டபத்துக்காரர் பேசியதிலேயே தெரிந்தது. அவர் தன் டைரியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தத் தேதி காலியாத்தான் இருக்குதுங்க. சமையக்காரர், மேளக்காரர் எல்லாரும் சும்மாத்தான் இருப்பாங்க" என்று சொல்லி உடனே எழுதிக்கொண்டார்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. பெரியப்பாவும் சித்தப்பாவும் ஊர் ஊராகப் போய் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது, வர முடியாது என்று இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.